முன் இடது டயருக்குக் காற்று போதவில்லை

மலைச் சுரங்கப்பாதைப் பணித்தளத்தின் வாசலில், ஒரு மஞ்சள் விளக்கைக் காரணம் காட்டி அவளை இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

விளக்கு அவளுடைய ஜீப்பின் டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்தது. குதிரை லாடம் போல ஒரு வளைவு, அதன் நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். பக்கத்துத் திரையில், மேலிருந்து பார்ப்பது போல ஜீப்பின் படம் தெரியும். நான்கு மூலையிலும் நான்கு எண்கள். மூன்று எண்கள் வெள்ளையாக, சமர்த்தாக இருந்தன. முன் இடது மட்டும் சிவந்துபோய் இருபதைக் காட்டியது.

வாசலில் நின்றவரை எல்லோரும் சேஃப்டி சார் என்றுதான் அழைத்தார்கள். வெள்ளை ஹெல்மெட், மூக்கு நுனியில் கண்ணாடி, நெஞ்சு முழுக்கப் பைகள் வைத்த ஆரஞ்சு நிற மேலங்கி, ஒவ்வொரு பையிலும் ஒரு பேனா. அவர் குனிந்து ஒரு டயரைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு டேஷ்போர்டைப் பார்ப்பார். விளக்கு எரிந்தால் வண்டி ஆபத்தானது, எரியாவிட்டால் பத்திரமானது. அவளுக்கு முன்னால் போன லாரியின் டயர்கள், முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் போல வழுவழுவென்று இருந்தன. சல்யூட் அடிக்காத குறையாக அதை உள்ளே அனுப்பி வைத்தார். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு என்று ஒன்றை வைக்க யாருக்கும் தோன்றாத காலத்தில் பிறந்த லாரி அது.

“போன வாரமே சொன்னேனே மேடம். இன்னும் எரியுது பாருங்க.”

“காத்து அடிச்சுட்டுத்தான் சார் வந்தேன். கேஜ் வச்சு நீங்களே பாருங்க. நாலு டயரும் கல்லு மாதிரி இருக்கு.”

“டயர் எப்படி இருக்குங்கிறது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க. விளக்கு எரியக் கூடாது. அவ்வளவுதான்.” அவர் ஒரு பையிலிருந்து பேனாவை எடுத்து எதையோ எழுதினார். “இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவையும் இப்படியே வந்து நின்னீங்கன்னா வண்டிக்குக் குடுத்த அனுமதி ரத்து. வண்டி இல்லாதவங்களுக்கு மேல வேலையும் இல்லை. கோவிச்சுக்காதீங்க, நாளைக்கு வாங்க.”

அவள் நில அளவையாளர். பெரிய கம்பெனி ஒன்றில் வருடக்கணக்கில் அடுத்தவர் கையெழுத்துக்காக மேட்டையும் பள்ளத்தையும் அளந்து கொடுத்துவிட்டு, சமீபத்தில்தான் ராஜினாமா செய்திருந்தாள். மலையின் இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வரும் சுரங்கம் நடுவில் ஒழுங்காகச் சந்திக்குமா என்று அளந்து சொல்வதுதான் அவள் சொந்தப் பெயரில் எடுத்திருக்கும் முதல் வேலை. மலைப்பாதைக்காகவே இந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பையும் வாங்கினாள். விடைபெற்ற அன்று பழைய மேனேஜர், “போயிட்டு வாம்மா, உன் நாற்காலியை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்” என்று பாசம் சொட்டச் சொன்னார். அவள் இந்த வாசலில் தோற்றுப்போனால் வேலை நேராகத் தன் மேசைக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்ட பாசம் அது. அந்த நாற்காலியில் மறுபடி உட்காருவதில்லை என்று மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் சொல்லிக்கொண்டாள். கேட்பதற்கு முன் இடது டயரைத் தவிர வேறு ஆள் இல்லை.

வீட்டு வாசலில் ஜீப் நிற்பதற்குள் அவளுடைய அண்ணன் வந்து நின்றார். இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருப்பு. ஜீப்பின் சத்தம் கேட்டால் போதும், மருந்துப் பெட்டி இல்லாத டாக்டர் மாதிரி புறப்பட்டு வந்துவிடுவார்.

டாக்டர் என்றது சும்மா இல்லை. டயர் டாக்டர் என்பது அவர் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பட்டம். உத்தியோக காலம் முழுவதும் ஒரு டயர் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் டயர்களைப் புகழ்ந்து வாசகம் எழுதியவர். எழுதி எழுதி, உலகத்தில் உருளும் டயரெல்லாம் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் உருளுகிறது என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற அன்று பட்டத்தைச் சூடிக்கொண்டார். குடும்பத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் நீளமான பதில் வரும்.

“என்ன பாப்பா, திரும்பி வந்துட்டே?”

நாற்பதைத் தாண்டிய பாப்பா இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள்.

“விளக்கு எரியுது அண்ணா.”

“எது?”

“எது எரியும்? அதே முன் இடதுதான்.”

“அதுக்கு இன்னும் தாகம் தீரலை” என்றார் டயர் டாக்டர், நாடி பிடித்துப் பார்த்தவர் போல. “இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்குவோம்.”

“இதுக்கு மேல எங்க அமுக்குறது? ஒரு வாரமா அதுக்கு மட்டும் ஊட்டிக்கிட்டே இருக்கீங்க. வயிறு முட்டி நிக்குது பாருங்க. ரோட்டுல ஒரு கூழாங்கல்லு பட்டா எனக்குப் பல்லு ஆடுது.”

“பாப்பா, டயருங்கிறது வெறும் ரப்பர் இல்லை. அது ஒரு நம்பிக்கை.”

“விளம்பரத்தை விடுங்க அண்ணா. நாளைக்குக் காலையில இந்த விளக்கு எரிஞ்சா என் வேலை போச்சு.”

கதவருகில் அவளுடைய கணவர் தேநீர் டம்ளருடன் நின்றிருந்தார். நூலகத்தில் வேலை. மற்றவர்களை மெதுவாகப் பேசச் சொல்லிச் சொல்லி அவருடைய குரலும் உள்ளே போய் எங்கோ அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. மச்சானோடு வாதாடுவதில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் கடைப்பிடித்துவரும் ஒரே கொள்கை.

“மச்சான் காத்து அடிக்கும்போது ஒண்ணு கவனிச்சேன்” என்றார், டம்ளரிடம் சொல்வது போல.

“என்ன மாப்பிள்ளை?”

“ஒண்ணுமில்லை மச்சான்.”

“ஏங்க, என்னன்னு சொல்லித் தொலைங்க” என்றாள் அவள்.

“முன் இடதுல அடிக்கும்போது... திரையில பின் வலது நம்பர்தான் ஏறுச்சு.”

டயர் டாக்டர் சிரித்தார். பாமர மக்கள் கேள்வி கேட்கும்போது நிபுணர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. “அது வெப்பம் மாப்பிள்ளை. முன்னாடி அடிக்கிற காத்தோட சூடு, வண்டிக்கு அடியில குறுக்கால போய்ப் பின்னாடி ஏறும். கம்பெனியில நாங்க அதுக்கு ஒரு பேரு வச்சிருந்தோம்.” பெயர் என்ன என்பதை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை போலும், சொல்லவில்லை. “விஷயம் என்னன்னா, சென்சார் அவுட். நாலையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா ஆர்டர் பண்ணு. ஒரு மாசத்துல வந்துடும்.”

அவள் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாள். மறுபடியும் அப்படியே எரிந்தது.

“இல்லை அண்ணா. சென்சார் கெட்டிருந்தா இந்த விளக்கு முதல்ல கொஞ்ச நேரம் கண்ணடிச்சுட்டு அப்புறம்தான் நிலையா எரியும்னு, வண்டியை வித்தவர் சொல்லியிருக்கார். இது கண்ணடிக்கலை. எடுத்ததும் நேரா எரியுது. சென்சார் உயிரோடதான் இருக்கு. எங்கேயோ ஒரு டயர்ல நிஜமாவே காத்து இல்லை.”

“எங்க இல்லை? நாலும் உன் கண்ணு முன்னாடிதானே நிக்குது?”

“அதைத்தான் பார்க்கப் போறேன்.”

பணித்தளத்தில் ஒரு கல்லின் உயரம் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அவள் வரைபடத்தைத் திட்டுவதில்லை. கருவியைத் தட்டிப் பார்ப்பதும் இல்லை. ஒவ்வொரு கல்லாகப் போய், அதன் தலையில் அளவுகோலை நிறுத்தி, நீ யாரென்று விசாரிப்பாள். பெரும்பாலும் கல் பொய் சொல்லியிருக்காது. யாரோ அதை நகர்த்திவிட்டு, நகர்த்தியதைச் சொல்லாமல் போயிருப்பார்கள்.

கணவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள். “திரையை மட்டும் பாருங்க. எந்த நம்பர் குறையுதோ அதைச் சொல்லுங்க.” ஒரு சாக்குக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு முன் இடது டயரின் அருகில் உட்கார்ந்து, வால்வின் ஊசியை வீட்டுச் சாவியின் நுனியால் அமுக்கினாள். காற்று சீறியது.

“ஐயையோ, காத்தைத் திறந்து விடுறாளே!” என்று டயர் டாக்டர் தலையில் கை வைத்தார். “நான் பார்த்துப் பார்த்து அடிச்ச காத்து பாப்பா அது!”

“என்ன குறையுது?” என்று கேட்டாள்.

உள்ளிருந்து ஏதோ முணுமுணுப்பு வந்தது.

“லைப்ரரி இல்லைங்க இது, தெரு! கத்துங்க!”

“பின் வலது குறையுது!” என்று கத்தினார் கணவர். கத்திவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனார்.

டயரின் பக்கவாட்டில் ‘பின் வலது’ என்று எழுதிவிட்டு அவள் முன் வலதுக்குப் போனாள். அங்கே அமுக்கினால் பின் இடது குறைந்தது. பின் இடதில் அமுக்கினால் முன் வலது. கணவரின் குரல் ஒவ்வொரு டயருக்கும் ஒரு படி ஏறி, ரயில் நிலைய அறிவிப்பாளரின் தரத்தை எட்டிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பின் வலது. அமுக்கினாள். சீறியது.

“ஒண்ணும் ஆகலை!”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாத்தான் பார்க்கிறேன்! எந்த நம்பரும் அசையவே இல்லை!”

இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். டயர் தொய்ந்தது, திரை மூச்சு விடவில்லை. அவள் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். தரையில் திரைக்கே தெரியாத ஒரு டயர் இருக்கிறது. திரையில் தரையில் இல்லாத ஒரு டயர் இருக்கிறது. அவளுடைய கண் மெதுவாக நகர்ந்து, ஜீப்பின் பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னிக்குப் போனது.

ஸ்டெப்னி கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் பூட்டுப் போட்ட கெட்டி உறை ஒன்று இருந்தது. அண்ணனின் அன்பளிப்பு. ‘உருள்வது டயர் அல்ல, உறுதி’ என்று அதில் பொன் எழுத்தில் அவருடைய சொந்த வாசகம்.

“அண்ணா, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட நான் வெளியூர் போயிருந்தேனே, அப்ப இந்த டயரையெல்லாம் மாத்துனீங்களா?”

“மாத்தலை. சுழற்சி பண்ணினேன்.” டயர் டாக்டர் நிமிர்ந்து நின்றார். “அஞ்சு டயரையும் முறைப்படி இடம் மாத்தினா எல்லாம் ஒரே அளவாத் தேயும். விஞ்ஞானம் அது. உன் முதல் வேலைக்கு அண்ணனோட சீர்னு வச்சுக்கோ.”

“நானும்தான் ஸ்பேனர் பிடிச்சேன்!” என்று ஜீப்புக்குள்ளிருந்து கத்தினார் கணவர். குரலை இறக்கும் வழி அவருக்கு மறந்துவிட்டது.

“டயரைக் கழட்டினா சென்சாரும் கூடவே வரும்னு தெரியாதா அண்ணா?”

“சென்சார் எப்படி வரும்? அது வண்டியில இல்லே இருக்கும்?”

“வண்டியில எங்க?”

“அது... சக்கரத்துக்கு மேல... மட்கார்டு பக்கமா...” அவருடைய கை காற்றில் ஒரு இடத்தைத் தேடியது, எதுவும் அகப்படவில்லை.

“டயருக்குள்ள இருக்கு அண்ணா. வால்வோட வேர்ல. நாலு டயருக்கும் உண்டு, ஸ்டெப்னிக்குக் கிடையாது. நீங்க எங்க கொண்டுபோய் மாட்டினாலும் அது தன் பழைய பேரைத்தான் சொல்லும். இப்ப ஸ்டெப்னி பின் வலதுல ஓடுது. அசல் முன் இடது இதோ, உங்க கவிதைக்கு உள்ளே தொங்குது. அது காத்து இல்லைன்னு கதறுறப்பல்லாம் நீங்க வேற யாருக்கோ ஊட்டிட்டு இருந்திருக்கீங்க. உறைச் சாவியைக் குடுங்க.”

டயர் டாக்டர் சட்டைப் பையைத் தட்டினார். முன் பக்கம், பின் பக்கம் என்று பேதம் பார்க்காமல், உடம்பில் பை இருக்க வாய்ப்புள்ள இடங்களையெல்லாம் தட்டினார். “வீட்டுல இருக்கும்னு நினைக்கிறேன். தேடணும். நாளைக்கு வேணா...”

“உங்க கையில இருக்கிற கொத்துலதான் இருக்கு மச்சான்! செவப்பு நூல் கட்டினது!” என்றது ஜீப்.

கல்யாணமான நாளிலிருந்து காத்துவந்த கொள்கை அந்த இடத்தில் காலாவதியானது.

உறையைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஸ்டெப்னி கட்டை விரலுக்கே அமுங்கியது. வால்வுத் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் கழுத்தில் வரிசையாகப் பல் பல்லாகக் கடித்த தடம். அவள் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். தண்டின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் சாவகாசமாகக் கிளம்பி வந்தன.

“இது எந்த மிருகத்தோட பல்லு அண்ணா?”

டயர் டாக்டர் கழற்றிய உறையின் பொன் எழுத்தைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. ஜீப் வாங்கிய புதிதில் அண்ணன் பழைய கம்பெனியின் சின்னம் பொறித்த பித்தளை மூடிகளைக் கொண்டுவந்து, நான்கு வால்வுகளுக்கும் மகுடம் சூட்டுவது போலத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். கொஞ்ச நாளில் நான்கும் காணாமல் போய், அந்த இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் வந்திருந்தன. திருட்டு என்று தெரு முழுக்க அறிவித்தவர் அவர்தான். நாட்டில் ஒழுக்கம் எப்படிக் கெட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துப் பேசியவரும் அவர்தான்.

“பித்தளை மூடி அலுமினிய வால்வுல ஒட்டிக்கிச்சு, இல்லையா?”

“லேசாத்தான் திருகினேன்” என்றார் டயர் டாக்டர்.

“எதால?”

“கட்டிங் பிளேயர்.” இரண்டு விரலால் அளவு காட்டி, “சின்னது” என்று சேர்த்துக்கொண்டார்.

“தண்டு விரிசல் விட்டுடுச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அதைப் பின்னாடி தொங்க விட்டு உறை போட்டுப் பூட்டிட்டீங்க. மிச்சம் மூணு மூடியையும் கழட்டி ஒளிச்சுட்டுத் திருடனைத் தேடினீங்க.”

“ஓடுற டயர்ல இல்லையேன்னு நினைச்சேன் பாப்பா. பின்னாடி தொங்குறது யாருக்கு என்ன பண்ணப் போகுதுன்னு...” அவர் குரலில் முதல் முறையாக விளம்பரம் இல்லை.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கணவர் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். சிறு வயதிலிருந்து சேர்ந்ததெல்லாம் இப்போது கொட்டும் என்று எதிர்பார்த்தார்.

“உங்களைத் திட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு அண்ணா. ஆனா நேரம் இல்லை. ஸ்பேனரை எடுங்க.”

கழற்றிய டயரை அவளே உருட்டிக்கொண்டு தெருமுனை டயர் கடைக்குப் போனாள். கடைக்காரர் கைப்பேசியில் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே வால்வைத் தடவினார்.

“சென்சாரோட மாத்தணும்க்கா. ஆர்டர் போட்டா வரும்.”

“சென்சாருக்கு ஒரு நோவும் இல்லை. காத்து குறையுது குறையுதுன்னு ஒரு வாரமா ஒழுங்கா சொல்லிட்டு இருக்கு, நாங்கதான் காது குடுக்கலை. தண்டை மட்டும் மாத்துங்க.”

“தண்டு தனியா வராதுக்கா.”

“டயரைப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. வரலைன்னா போயிடுறேன்.”

“சாப்பாட்டுக்குக் கடை சாத்துற நேரம்க்கா.”

அவள் டயரைக் கடை ஷட்டருக்கு நேர் கீழே படுக்கப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஷட்டரை இறக்குவதானால் அவளையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். கடைக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டயரைப் பிரித்தார். தண்டும் சென்சாரும் ஒரு சிறிய திருகாணியால் சேர்ந்திருந்தன, தனித்தனியாக வந்தன. கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறி, பொருந்தும் தண்டு ஒன்றை எடுத்து மாட்டினார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி கூட வரவில்லை. “ஆமாக்கா, தனியாத்தான் வருது” என்று தனக்கே ஒரு செய்தி போலச் சொல்லிக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்.

வீட்டு வாசலில் அதற்குள் டயர் டாக்டர் பாதித் தெம்பை மீட்டுக்கொண்டிருந்தார். “நான் யோசிச்சேன் பாப்பா. புது இடமெல்லாம் என்னன்னு வண்டிக்குக் கத்துக் குடுக்கணும். அதுக்கு ஒரு கருவி இருக்கு. என் பழைய நண்பர் ஒருத்தர்...”

“வண்டிக்கு ஒண்ணும் கத்துக் குடுக்க வேண்டாம். அது பாடத்தைச் சரியாத்தான் படிச்சு வச்சிருக்கு. இடம் மாறினது டயருங்க. எது எங்க இருந்துச்சோ அங்கேயே திரும்பப் போகட்டும்.”

“நான் பண்ணின சுழற்சி?”

“எதிர்ச் சுழற்சின்னு ஒரு விஞ்ஞானம் இருக்கு. இன்னைக்குக் கண்டுபிடிச்சாங்க. ஜாக்கியைப் போடுங்க.”

அவர் ஜாக்கியைப் போட்டார். தன் காலத்தில் ஆயிரக்கணக்கான டயர்களைச் சொல்லால் உருட்டியவர், ஒன்றைக் கையால் தூக்கி ஐந்து துளைகளுக்கு நேராகப் பிடிப்பது எத்தனை கனம் என்று கண்டுகொண்டார். நட்டுகள் அவர் வாசகங்களைப் போல எளிதில் வழுக்கிக்கொண்டு போகவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. இடையிடையே கணவர், “இன்னும் ஒரு சுத்து மச்சான்! விடாதீங்க!” என்று தெருவுக்கே கேட்க ஊக்கப்படுத்தினார். ஒரு சக்கரத்தைத் தப்பான பக்கம் கொண்டுபோய்விட்டு, தங்கை எழுதிய சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்து, எதுவும் பேசாமல் திருப்பி உருட்டிக்கொண்டு வந்தார். அவர் பேசாமல் ஒரு வேலை செய்ததைக் குடும்பம் அன்றுதான் பார்த்தது.

இருட்டுவதற்குள் எல்லா டயரும் பழைய இடத்துக்கு வந்தன. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய காற்று இயந்திரத்தை வைத்து, ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த அளவுக்கே ஒவ்வொன்றுக்கும் காற்றடித்தாள். குறைத்தும் இல்லை, பாசத்தில் கூட்டியும் இல்லை. மறுபடி ஒவ்வொரு வால்வாக அமுக்கிப் பார்த்தாள். முன் இடதில் அமுக்கினால் முன் இடது குறைந்தது. கணவர் அதை அறிவித்ததில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது.

டயர் டாக்டர் கைக்கரியைத் துடைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். “நான் முதல்லேருந்தே சொல்லலை? பிரச்சினை முன் இடதுலதான்னு?”

அதை மறுக்க முடியாது என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை மலை வாசலில் மூடுபனி. அவளுக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சேஃப்டி சார் தலையை உள்ளே விட்டார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எரியலையே.”

“ஆமா சார்.”

“ஏன் எரியலை?”

“காத்து இருக்கு சார்.”

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. “ரெண்டு தடவை எரிஞ்ச விளக்கு திடீர்னு அணைஞ்சா எனக்குச் சந்தேகம் வராதா மேடம்? உள்ள எதையாவது பிடுங்கி விட்டுட்டா கூட எரியாது. விளக்கு வேலை செய்யுதுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?”

அவள் சாவியை அணைத்துத் திருப்பினாள். டேஷ்போர்டின் எல்லா விளக்குகளும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தன, மஞ்சள் லாடமும்தான்.

“அது பல்பு” என்றார் சேஃப்டி சார். “சென்சார்?”

“காத்தைக் குறைச்சு விளக்கை எரிய வச்சுக் காட்டட்டுமா?”

“காட்டுங்க.”

“காட்டினா அதை மூணாவது தடவைன்னு எழுத மாட்டீங்களே?”

அவர் யோசித்தார். பைகளைத் தடவினார். பேனாக்களிடம் ஆலோசனை கேட்பது போல இருந்தது. “எரிஞ்சா எரிஞ்சதுதானே மேடம்?”

“எரியலைன்னா ஆதாரம் இல்லை. எரிஞ்சா அனுமதி இல்லை. அப்படித்தானே?” அவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். “அப்ப நான் இங்கேயே இருக்கேன் சார். சோதனைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் காட்டுறேன்.”

பின்னால் முதல் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாவது லாரி அதற்குப் பதில் சொன்னது. மூன்றாவது லாரிக்காரர் இறங்கி வந்து, “என்ன சார் பிரச்சினை? மேடம் வண்டியில விளக்கு எரியுதா?” என்று கேட்டார்.

“எரியலை” என்றார் சேஃப்டி சார்.

“அப்புறம் என்ன சார்?”

சேஃப்டி சார் லாரிக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஒரு பேனாவை எடுத்தார், அது எழுதவில்லை. அடுத்ததும் எழுதவில்லை. நெஞ்சில் இருந்தவை பெரும்பாலும் அலங்காரம் போலும். ஒருவழியாக ஒன்று எழுதியது. சோதனைக்காக என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்த பிறகுதான் அவள் சாவியைத் திருப்பித் திரையை எரிய விட்டுவிட்டு இறங்கினாள்.

“இங்க வாங்க சார். நீங்களே அமுக்குங்க. நான் அமுக்கினா அதுக்கும் ஒரு ஆதாரம் கேட்பீங்க.”

சேஃப்டி சார் சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி முன் இடது டயரின் அருகில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த வீட்டுச் சாவியின் நுனியை வால்வில் வைத்து அமுக்கினார். காற்று சீறியதும் ஹெல்மெட் பின்னால் சரிய, உட்கார்ந்த வாக்கில் ஒரு துள்ளல் துள்ளினார். லாரிக்காரர் மரியாதைக்காக மலையைப் பார்த்தார்.

“இன்னும் அமுக்குங்க சார். ஒண்ணும் கடிக்காது.”

அவர் அமுக்கினார். திரையில் முன் இடது இறங்கிக்கொண்டே வந்து சிவந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

“சரி, சரி, பார்த்தாச்சு.” அவர் எழுந்து, பின்னால் நீண்டுகொண்டிருந்த வரிசையைக் கவலையோடு பார்த்தார். ஓடிப்போய்த் தன் கையாலேயே குறுக்குக் கட்டையை உயர்த்தினார். “போங்க மேடம். வழியை விடுங்க, போங்க.”

அவள் பின்பக்கத்திலிருந்து காற்று இயந்திரத்தை எடுத்துக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்படியே எப்படி சார் போறது? காத்து இல்லையே.”

“உள்ள போய் அடிச்சுக்கலாம் மேடம்!”

“உள்ள போனதும் வேற யாராவது ஒரு சார் தலையை விட்டுப் பார்ப்பார். அதோட மேல முழுக்கக் கல்லு ரோடு.” அவள் சுவிட்சைப் போட்டாள். இயந்திரம் தடதடவென்று ஆரம்பித்தது. அதன் வேகம் ஒரு சின்ன இயந்திரத்தின் வேகம்தான். யாருடைய ஹாரனுக்கும் அது கூடுவதாக இல்லை.

குறுக்குக் கட்டைக்குக் கொக்கி இல்லை. விட்டால் விழும். சேஃப்டி சார் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். மேலங்கி ஏறி வயிறு தெரிந்தது. லாரிகள் ஒன்று மாற்றி ஒன்று கத்தின.

“ஆச்சா மேடம்?”

அவள் கேஜைப் பார்த்தாள். “இல்லை சார்.”

விளக்கு அணைந்தது. அவள் குழாயைக் கழற்றவில்லை.

“விளக்குதான் அணைஞ்சுடுச்சே மேடம்!”

“விளக்குக்காக அடிக்கலை சார்” என்றாள். முள் சரியான இடத்துக்கு வந்து நிற்கும் வரை குந்தியபடியே இருந்து, குழாயைக் கழற்றிச் சுருட்டி, மூடியைத் திருகிவிட்டு, ஜீப்பில் ஏறிக் கட்டைக்கு அடியில் மலைக்குள் போனாள்.